பேரேட்டில் ஒரு கன்றுக்குட்டி

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், பழைய ஆங்கில அங்கதத்தை (ஆங்கிலத்தில் 'சட்டையர்') நம் பிள்ளைகள் சிரிப்புத் துணுக்கு போலப் படிக்கிறார்கள் என்று வருத்தப்பட்டு இரண்டு வரி எழுதியிருந்தேன். அந்த இரண்டு வரிக்கு வந்த கடிதங்கள் மேசை நிறைய இருக்கின்றன. கடலூரில் ஒரு கல்லூரியில் 31 ஆண்டுகள் இதையே பாடமாக நடத்தினவள் நான். ஓய்வு பெற்ற பிறகு இப்படிக் கேட்க ஆள் கிடைப்பது பெரிய சந்தோஷம். அதனால் இந்த இதழ் முழுக்க 1800க்கு முந்தைய ஆங்கில அங்கதம்தான்.

நான் பி.ஏ. ஆங்கிலம் மூன்றாம் ஆண்டு. ஸ்விஃப்ட் எழுதிய 'ஒரு பணிவான யோசனை' பாடமாக இருக்கிறது. ஏழைக் குழந்தைகளைச் சமைத்துத் தின்னலாம் என்கிறார். நகைச்சுவைக் கட்டுரை என்று நோட்ஸில் போட்டிருக்கிறது. எனக்கு ஓரிடத்தில்கூடச் சிரிப்பு வரவில்லை, வயிற்றைப் பிசைகிறது. நான் தப்பாகப் படிக்கிறேனா?
– வாசகி, பண்ருட்டி

நீ சரியாகத்தான் படிக்கிறாய் அம்மா. அந்த நோட்ஸ்தான் தப்பு.

என் அப்பா கடலூர் முதுநகரில் ஒரு மல்லாட்டை (நிலக்கடலை) மண்டியில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். பள்ளி விட்டதும் அவருக்குத் தூக்குவாளியில் காப்பி கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. மழை பொய்த்த ஒரு வருஷம். விதை மல்லாட்டைக்கு வாங்கின கடனை அடைக்க முடியாத ஒரு குடியானவர் தன் பசுவையும் கன்றையும் ஓட்டிக்கொண்டு மண்டி வாசலுக்கு வந்தார். கூடவே என் வயதுப் பெண் ஒருத்தி. கன்றின் கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்திருந்தாள், விடவில்லை. அவள் அப்பாவே விரல் விரலாகப் பிரித்துத்தான் கயிற்றை வாங்கினார். முதலாளி உள்ளே இருந்தபடி "எழுதிக்கிங்க" என்றார். அப்பா பேரேட்டைத் திறந்து எழுதினார்: 'வரவு – பசு 1, கன்று 1.' அவர் கையெழுத்து அச்சுப் போல இருக்கும். அந்தப் பெண்ணின் அழுகைக்கு அந்த ஏட்டில் பத்தி கிடையாது. வீட்டுக்குத் திரும்பும்போது உப்பனாற்றுப் பாலம் வரை அப்பா பேசவில்லை. பிறகு சொன்னார்: "கையெழுத்து சுத்தமா இருந்தா பாவம் வெளியே தெரியாது பாப்பா."

பன்னிரண்டு வருஷம் கழித்து வகுப்பில் 'ஒரு பணிவான யோசனை'யைத் திறந்தேன். அது அப்பாவின் பேரேடு.

1729இல் வந்த சிறு பிரசுரம் அது. அயர்லாந்தில் அடுத்தடுத்து விளைச்சல் போய், டப்ளின் தெருக்களில் தாய்மார்கள் மூன்று நான்கு பிள்ளைகளோடு பிச்சை எடுத்துக்கொண்டிருந்த நேரம். நிலத்துக்கு உடையவர்களில் பலர் இங்கிலாந்தில் உட்கார்ந்துகொண்டு குத்தகையை மட்டும் வரவழைத்துக்கொண்டார்கள். டப்ளினில் செயின்ட் பேட்ரிக் தேவாலயத்தின் தலைமைக் குரு ஸ்விஃப்ட். இந்தத் தாய்மார்களைத் தினமும் பார்த்தவர். அவர் கோபத்தைக் கோபமாக எழுதவில்லை. நாட்டுக்கு நல்லது நினைக்கும் ஒரு கனவானின் குரலில், கணக்காக எழுதினார். ஆண்டுக்கு 1,20,000 ஏழைக் குழந்தைகள் பிறக்கின்றன. 20,000ஐ இனப்பெருக்கத்துக்கு ஒதுக்கு. மீதி 1,00,000ஐ ஒரு வயது நிறைந்ததும் விற்பனைக்கு விடு. பிறக்கும்போது 12 பவுண்டு எடை, ஓராண்டில் 28 பவுண்டு. வளர்த்த செலவு 2 ஷில்லிங், விற்ற விலை 10 ஷில்லிங், தாய்க்கு நிகர லாபம் 8. விருந்தாளி வந்தால் ஒரு குழந்தையில் இரண்டு வகை செய்யலாம், வீட்டார் மட்டும் என்றால் முன்சப்பையோ பின்தொடையோ போதும்.

சொற்களைக் கவனி. பிறந்த குழந்தையைச் சொல்லும் இடத்தில் ஆடு மாடு ஈனுவதற்குப் போடும் சொல்லைப் போடுகிறார். தாயைச் சினைமாட்டுக்கான சொல்லால் குறிக்கிறார். கசாப்புக்கடைச் சொல்லும் கணக்குப்பிள்ளைச் சொல்லும் சேர்ந்து ஒரு குழந்தையை எப்படி இல்லாமல் ஆக்குகின்றன என்று நம் கண்முன்னே செய்து காட்டுகிறார். ஒரே ஒரு வரியில் முகமூடி விலகும். இந்த உணவு விலை கூடியது, ஆகவே நிலச்சுவான்தார்களுக்கே பொருத்தம் என்கிறார். பெற்றோரை ஏற்கெனவே விழுங்கிவிட்டவர்கள் அவர்கள், பிள்ளைகள் மேலும் அவர்களுக்குத்தானே முதல் பாத்தியதை என்கிறார். உன் வயிறு பிசைந்தது அந்த வரியில்தான் என்று நினைக்கிறேன்.

இன்னும் ஒன்று, இது நோட்ஸில் இருக்காது. கடைசிப் பக்கங்களில், "வேறு வழிகளைப் பற்றி யாரும் என்னிடம் பேச வேண்டாம்" என்று சொல்லி ஒரு வரிசை தருகிறார். வெளியூரில் வாழும் நிலவுடைமையாளர்களுக்கு வரி போடுவது, உள்ளூரில் விளைந்ததையும் நெய்ததையும் மட்டுமே வாங்குவது, குடியானவர்களிடம் கொஞ்சமாவது இரக்கம் காட்டுவது. இவைதான் அவருடைய உண்மையான யோசனைகள். பல வருஷமாக நேராகவே எழுதிப் பார்த்தார். 1720இல் அயர்லாந்துத் துணியையே உடுத்துங்கள் என்று பிரசுரம் போட்டார். அதை அச்சடித்தவர் மேல் வழக்கு வந்தது. குற்றமில்லை என்று சொன்ன ஜூரிகளை நீதிபதி 9 முறை திருப்பி அனுப்பினார். நம் சுதேசி இயக்கத்துக்கு ஏறக்குறைய 200 வருஷம் முன்பு நடந்தது இது. நேராகச் சொன்னதைக் கேட்க ஆளில்லை என்ற பிறகுதான் இந்தப் பயங்கரமான கணக்கைப் போட்டார்.

தேர்வில் 'கறுப்பு நகைச்சுவை' என்று எழுதினால் மதிப்பெண் வரும், எழுதிக்கொள். உனக்குச் சிரிப்பு வராததை மட்டும் விட்டுவிடாதே.

அங்கதம் என்பது ஆங்கிலச் சொல்லுக்காக நாம் பிற்காலத்தில் உண்டாக்கிய கலைச்சொல்லா? நையாண்டி, கிண்டல், அங்கதம் எல்லாம் ஒன்றுதானா?
– வாசகர், நெல்லிக்குப்பம்

உண்டாக்கிய சொல் இல்லை ஐயா, தொல்காப்பியர் வைத்த சொல். 'அங்கதம் தானே அரில்தபத் தெரியின் செம்பொருள் கரந்தது என இருவகைத்தே' என்பது செய்யுளியல். வெளிப்படையாக வைவது ஒரு வகை, அதற்கு வசை என்று பெயர். சொல்லை மறைத்து வைவது இன்னொன்று, பழிகரப்பு. ஆங்கில அங்கதத்தை நடத்தும்போதெல்லாம் இந்த நூற்பாவில்தான் தொடங்குவேன். இவ்வளவு சுருக்கமான திறவுகோல் வேறு எனக்குக் கிடைத்ததில்லை.

மறைத்துச் சொல்வது எப்படி என்பதற்கு ஔவையாரைப் பாருங்கள். அதியமானுக்குத் தூதாகத் தொண்டைமானிடம் போகிறார். அவன் தன் ஆயுதச்சாலையைக் காட்டுகிறான். "உன் வேல்கள் மயிற்பீலி கட்டி, மாலை போட்டு, நெய் பூசி, காவல் மாளிகையில் அழகாக இருக்கின்றன. எங்கள் மன்னனுடையவை நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன" என்கிறார் (புறநானூறு 95). கேட்கிறவனுக்கு முதலில் மகிழ்ச்சி, வீட்டுக்குப் போன பிறகு வலி. வள்ளுவர் கயவரைத் தேவரோடு ஒப்பிட்டதும் அப்படித்தான்: 'தேவர் அனையர் கயவர் அவருந்தாம் மேவன செய்தொழுக லான்.' ஆங்கிலத்தில் ஸ்விஃப்ட் செய்தது இந்தக் கரந்த வகை.

'சட்டையர்' என்ற ஆங்கிலச் சொல் லத்தீனிலிருந்து வந்தது. பலவகைப் பழங்கள் நிரம்பிய தட்டுக்கு வைத்த பெயர், கதம்பமான ஒரு கவிதை வகைக்கு ஆகி, பிறகு ஆங்கிலத்துக்கு வந்தது. பொங்கல் முடிந்து ஆற்றங்கரையில் பிள்ளைகள் ஆக்கும் கூட்டாஞ்சோற்றை நினைத்துக்கொள்ளுங்கள். ரோமில் ஹொரேஸ் சிரித்தபடி குத்தினார், ஜுவெனல் பல்லைக் கடித்துக்கொண்டு குத்தினார். ஆங்கிலேயர் இருவரையும் ஆசானாகக் கொண்டார்கள். 1738இல் சாமுவேல் ஜான்சன் லண்டன் நகரத்தைத் திட்டி எழுதிய கவிதை ஜுவெனலின் ரோமை எடுத்து லண்டன் மேல் போர்த்தியதுதான்.

நையாண்டியும் கிண்டலும் யார் மேலும் போகும். நொண்டியைப் பார்த்துச் சிரிப்பதும் கிண்டல்தான். அதை அங்கதம் என்று சொல்ல என் வாய் வராது.

அரசனையும் மதகுருவையும் கேலி செய்து எழுதியவர்களைச் சும்மா விட்டார்களா? தண்டனை ஏதும் உண்டா?
– வாசகர், வில்லியனூர்

விடவில்லை. இந்தக் கேள்விக்கு ஒரு புத்தகமே எழுதலாம்.

1599 ஜூனில் கேன்டர்பரி பேராயரும் லண்டன் ஆயரும் சேர்ந்து ஓர் ஆணை போட்டார்கள்: இனிமேல் அங்கத நூல் எதுவும் அச்சிடக் கூடாது, பெயர் குறித்த நூல்களைக் கொண்டுவந்து எரிக்க வேண்டும். எரித்தார்கள். 1679 டிசம்பரில் கவிஞர் ஜான் டிரைடன் இரவில் வீடு திரும்பும்போது ஒரு சந்தில் கூலியாட்கள் அடித்துப் போட்டார்கள். ஒரு அங்கதக் கவிதையை அவர்தான் எழுதினார் என்ற சந்தேகம் அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது.

எல்லாவற்றிலும் என்னை அதிகம் பாதித்தது டேனியல் டீஃபோவுக்கு நடந்தது. 'ராபின்சன் குரூசோ' எழுதிய அதே டீஃபோ. அரசின் திருச்சபையில் சேராத கிறிஸ்தவப் பிரிவுகளைச் சேர்ந்தவர் அவர். அந்தப் பிரிவுகளை நசுக்க வேண்டும் என்று பிரசங்க மேடைகளில் சிலர் கத்திக்கொண்டிருந்தார்கள். 1702 டிசம்பரில் டீஃபோ அவர்களுடைய குரலையே எடுத்துக்கொண்டு, பெயர் போடாமல் ஒரு பிரசுரம் எழுதினார். இவர்களை நாடுகடத்து, போதகர்களைத் தூக்கில் போடு, அதுதான் குறுக்கு வழி என்று. பழிகரப்பு இவ்வளவு கச்சிதமாக அமைந்தால் ஆபத்து. எதிர்த்தரப்பில் சிலர் உண்மை என்று நம்பிப் பாராட்டினார்கள். இவருடைய சொந்தத் தரப்பினர் நடுங்கினார்கள். ஆசிரியர் யார் என்று தெரிந்ததும் இரண்டு பக்கமும் கோபம். அரசு 50 பவுண்டு பரிசு அறிவித்து அரசிதழில் அங்க அடையாளம் போட்டது: நடுத்தர உயரம், ஒல்லி, 40 வயது இருக்கும், மாநிறம், வளைந்த மூக்கு, கூர்மோவாய், சாம்பல் நிறக் கண், வாயருகே பெரிய மச்சம். டீஃபோவின் முகத்தை நாம் இன்று இவ்வளவு துல்லியமாக அறிவது அவரைத் தேடிய அரசின் புண்ணியத்தால். பிரசுரத்தைப் பகிரங்கமாக எரித்தார்கள். 1703 ஜூலை கடைசி 3 நாள், நாளுக்கு ஓர் இடமாக லண்டன் தெருக்களில் கழுத்தையும் கைகளையும் மரப்பலகைத் துளைகளில் பூட்டி நிறுத்தினார்கள். அப்படி நிற்பவர்மேல் கூட்டம் கல்லும் அழுகல் முட்டையும் எறியும். அதில் உயிர் போனவர்கள் உண்டு. அந்தத் தண்டனைப் பலகையைப் பார்த்தே பாடுவது போல ஒரு கவிதை எழுதி, அதே நாட்களில் தெருவில் விற்கச் செய்தார் டீஃபோ. மக்கள் அவர் மேல் பூ எறிந்தார்கள் என்பது வழிவழியாக வரும் கதை.

ஸ்விஃப்ட்டை மட்டும் பிடிக்க முடியவில்லை. வில்லியம் உட் என்ற ஆங்கில வணிகர் 1722இல் மன்னரின் காதலி மூலம் அயர்லாந்துக்குச் செப்புக்காசு அடிக்கும் உரிமை வாங்கினார். நாடு செல்லாக்காசால் நிறைந்துவிடும் என்று 1724இல் ஒரு ஜவுளிக்கடைக்காரர் எழுதுவதுபோலக் கடிதங்கள் வந்தன. பெரும் பண்ணையார் ஒருவர் அரையாண்டுக் குத்தகைப் பணத்தை இந்தக் காசில் ஊருக்குக் கொண்டுவர 200க்கும் மேற்பட்ட குதிரைகள் வேண்டும் என்று அதிலும் ஒரு கணக்கு. எழுதியவரைக் காட்டிக் கொடுத்தால் 300 பவுண்டு என்று அரசு அறிவித்தது. டப்ளின் ஊருக்கே தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. 1725இல் காசு உரிமை திரும்பப் பெறப்பட்டது. ஆனால் அச்சடித்த ஜான் ஹார்டிங் சிறைக்குப் போனார். ஸ்விஃப்ட்டின் சிலையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அந்த அச்சுக்காரரை நினைத்துக்கொள்வேன்.

மேடைக்கு வேறு வகைப் பூட்டு. பிரதமர் வால்போலைக் கள்வர் கூட்டத்தோடு ஒப்பிட்ட ஜான் கேயின் 'பிச்சைக்காரர் இசைநாடகம்' 1728இல் 62 நாள் ஓடியது. பிறகு ஹென்றி ஃபீல்டிங் இன்னும் துணிந்து எழுதினார். 1737இல் சட்டம் வந்தது: எந்த நாடகமும் அரண்மனை அதிகாரி ஒருவர் படித்து அனுமதித்த பிறகே மேடை ஏறலாம். அந்த முன் தணிக்கை 1968 வரை நீடித்தது. நம் நாட்டில் 1876இல் வந்த நாடகச் சட்டம் அதற்குத் தம்பி முறை. மேடை மூடியதும் ஃபீல்டிங் நாவலுக்குப் போனார், 'ஜோசப் ஆண்ட்ரூஸ்' நமக்குக் கிடைத்தது. அதற்காக அந்தச் சட்டத்துக்கு நன்றி சொல்ல மாட்டேன். அவர் எழுதாமல் போன நாடகங்களை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

என் மகன் நான்காம் வகுப்பு. கலிவர் கதைப் படப்புத்தகம் வாங்கிக் கொடுத்தேன். குள்ளர்கள், பூதங்கள் என்று விரும்பிப் படிக்கிறான். இதுவும் அங்கதம் என்கிறார்களே, சிறுவர் கதை இல்லையா?
– வாசகி, லாசுப்பேட்டை

பையன் படிக்கட்டும் அம்மா. ஸ்விஃப்ட் எழுதிய இந்தக் கதை 1726 அக்டோபர் 28இல் ஆசிரியர் பெயர் இல்லாமல் வெளிவந்த நாளிலிருந்து பிள்ளைகளும் படிக்கிறார்கள். ஆனால் நீங்கள் முழுப் பதிப்பை வாங்கி, அவன் தூங்கிய பிறகு படியுங்கள். படப்புத்தகங்களில் முதல் இரண்டு பயணம்தான் இருக்கும், அதிலும் பாதி. மொத்தம் 4.

குள்ளர் நாட்டில் முட்டையைப் பெருத்த முனையில் உடைப்பதா சிறுத்த முனையில் உடைப்பதா என்று சண்டை. சிறுத்த முனையில் உடைக்க மறுத்து 11,000 பேர் உயிரை விட்டிருக்கிறார்கள். ஒரே வேதத்தை வைத்துக்கொண்டு கிறிஸ்தவர்கள் வெட்டிக்கொண்டு செத்த நூற்றாண்டுகள் அந்த முட்டைக்குள் இருக்கின்றன. வடகலை, தென்கலை நாமச் சண்டை கோர்ட்டு வரை போன நாட்டில் இருக்கிறோம், நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எனக்கு மிகப் பிடித்தது இரண்டாம் பயணம். பூத உடலர் நாட்டு மன்னனிடம் கலிவர் தன் நாட்டுப் பெருமையாக வெடிமருந்தைப் பற்றிச் சொல்லி, செய்முறையும் கற்றுத்தருகிறேன் என்கிறார். நகரங்களைத் தூளாக்கலாம் என்று ஆசை காட்டுகிறார். மன்னன் நடுங்கிப் போகிறான். ராஜ்யத்தில் பாதி போனாலும் சரி, இந்த ரகசியம் எனக்கு வேண்டாம், இனி அதைப் பேசாதே என்கிறான். ஒரு கதிர் விளைந்த இடத்தில் இரண்டு கதிர் விளைவிப்பவன் அரசியல்வாதிகள் எல்லாரையும்விட நாட்டுக்கு நல்லது செய்தவன் என்பது அவன் கட்சி. மேல்நிலைப் பள்ளியில் விவசாயப் பாடம் படித்த பிள்ளைகளுக்கு இந்தப் பகுதியைத் தனியாக வாசித்துக் காட்டுவேன். அந்த வகுப்பில் மட்டும் மணி அடித்தும் யாரும் எழ மாட்டார்கள்.

உலகத்தை மகிழ்விக்க அல்ல, உறுத்தவே எழுதுகிறேன் என்று ஸ்விஃப்ட் 1725இல் தன் நண்பரான கவிஞர் போப்புக்குக் கடிதம் எழுதினார். உங்கள் மகனுக்கு உறுத்தும் வயது வரும்போது அந்த முழுப் பதிப்பு வீட்டு அலமாரியில் இருக்கட்டும்.

எங்கோ இங்கிலாந்தில் யாரோ யாரையோ திட்டியதை நாம் ஏன் படிக்க வேண்டும்? நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?
– வாசகர், தேவனாம்பட்டினம்

உங்கள் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வந்ததுதான் எனக்கு ஆச்சரியம்! சில்வர் பீச்சுக்குப் போகும் வழியில், கெடிலம் கடலில் சேரும் பக்கம், செயின்ட் டேவிட் கோட்டையின் மிச்சச் சுவர்கள் நிற்கின்றனவே, அதிலிருந்து தொடங்கலாம்.

1690இல் கிழக்கிந்தியக் கம்பெனி அந்தக் கோட்டையை மராத்தியரிடம் விலைக்கு வாங்கியது. பீரங்கிக் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அதுவரை உள்ள கிராமங்களும் சேர்த்தி என்பது பேச்சு. சுற்றிலும் சுட்டுப் பார்த்து எல்லை வகுத்தார்கள். அவற்றைக் குண்டு கிராமங்கள் என்றார்கள். குண்டு உப்பலவாடி என்ற பெயரை நாம் தினமும் பஸ்ஸில் படிக்கிறோம். 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனபோது சோழமண்டலக் கரையில் கம்பெனியின் தலைமையிடமே இங்குதான் வந்தது. 1756இல் ராபர்ட் கிளைவ் இதற்கு ஆளுநர்.

கிளைவ் மாதிரி ஆட்கள் இங்கே சேர்த்த பணத்தோடு ஊர் திரும்பினார்கள். நம் 'நவாப்' அங்கே 'நபாப்' ஆகி அவர்களுக்குப் பட்டப்பெயரானது. 1772இல் சாமுவேல் ஃபூட் லண்டன் ஹேமார்க்கெட் அரங்கில் 'நபாப்' என்ற பெயரிலேயே நாடகம் போட்டார். இந்தியாவிலிருந்து திரும்பிய சர் மேத்யூ மைட் ஒரு பழைய குடும்பத்தின் கடன் பத்திரங்களையெல்லாம் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, கடனைத் தீர்க்க அந்த வீட்டுப் பெண்ணைக் கேட்கிறான். பாராளுமன்றத் தொகுதி ஒன்றையும் விலை பேசுகிறான். அதில் இரண்டு ஊர்ப் பெரியவர்கள் பேசிக்கொள்ளும் ஒரு காட்சி. நாங்கள் வியாபாரிகள், நண்பர்களாக வந்திருக்கிறோம் என்று கெஞ்சிச் சின்ன இடம் ஒன்றைப் பிடிப்பார்கள். கொஞ்சம் கொஞ்சமாக விரித்துக் கோட்டை கட்டுவார்கள். பலம் வந்ததும் அந்த ஊர்க்காரர்களையே நிலத்தைவிட்டு விரட்டிப் பணத்தையும் நகையையும் எடுத்துக்கொள்வார்கள். சம்பாத்தியம் எப்படி வந்தது என்பதற்கு ஒருவர் தரும் விளக்கம் இது. லண்டன் மக்கள் முன்னால், லண்டன் மேடையில், ஓர் ஆங்கிலேயர் எழுதிப் பேச வைத்தது. செயின்ட் டேவிட் கோட்டையின் வரலாற்றை இதைவிடச் சுருக்கமாக யாரும் எழுதியதில்லை என்பது என் எண்ணம்.

கலிவரின் மூன்றாம் பயணத்தைப் புரட்டினால், அவர் கப்பல் 1707 ஏப்ரல் 11இல் நம் சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கு வந்து 3 வாரம் நிற்கிறது, மாலுமிகள் நோய் தீர. புத்தகத்தின் கடைசியில் கலிவர், தான் கண்ட நாடுகளை ஏன் மன்னருக்கு உரிமையாக்கவில்லை என்று சொல்கிறார். கொள்ளைக்கூட்டம் ஒன்று புயலில் கரை ஒதுங்கும், வரவேற்ற மக்களைக் கொல்லும், ஒரு உளுத்த பலகையை நட்டு ஊருக்குப் புதுப்பெயர் வைக்கும், தெய்வம் தந்த உரிமை என்று புது ராஜ்யம் தொடங்கும். இதை அவர்களில் ஒருவரே 1726இல் எழுதிவைத்திருக்கிறார். அந்தச் சுவர்களுக்குப் பக்கத்தில் வாழும் நாம் படிக்காவிட்டால் வேறு யார் படிப்பது ஐயா?

அதே காலத்தில் தமிழில் இப்படி உரைநடையில் யாராவது எழுதினார்களா?
– வாசகர், விருத்தாசலம்

உங்களுக்குப் பக்கத்திலேயே, கோணாங்குப்பத்தில் பெரியநாயகி அன்னைக்குக் கோயில் கட்டிய வீரமாமுனிவர். 1680இல் இத்தாலியில் பிறந்தவர், ஸ்விஃப்ட்டுக்கு 13 வயது இளையவர். பரமார்த்த குருவின் கதையைச் சின்ன வயதில் கேட்டிருப்பீர்கள். ஆறு தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்று கொள்ளிக்கட்டையால் தொட்டுப் பார்க்கும் சீடர்கள், தன்னை விட்டுவிட்டு எண்ணி ஒரு ஆள் குறைகிறது என்று அழும் சீடர்கள். அது 1822இல் லண்டனில், ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சேறியது. ஸ்விஃப்ட்டின் சூடு இதில் கிடையாது. தமிழ் உரைநடை நடை பழகிய அழகுக்காக நான் திரும்பத் திரும்பப் படிப்பேன்.

நீங்கள் சொல்வதெல்லாம் ஆண்கள். பெண்கள் அங்கதம் எழுதவே இல்லையா?
– வாசகி, முதலியார்பேட்டை

எழுதினார்கள். பாடத்திட்டம் போட்டவர்கள் அவர்களைப் பார்க்கவில்லை, நானும் பணியில் சேர்ந்து பல வருஷம் கழித்துத்தான் பார்த்தேன். சீமாட்டி மேரி வோர்ட்லி மாண்டேகு ஸ்விஃப்ட்டுக்கும் போப்புக்கும் அவர்கள் பாணியிலேயே சுடச்சுடப் பதில் கொடுத்தவர். 1791இல், 15 வயதில், ஜேன் ஆஸ்டன் இங்கிலாந்து வரலாறு ஒன்று எழுதினார். 'பாரபட்சமும் முன்முடிவும் அறியாமையும் கொண்ட ஒரு வரலாற்றாசிரியர்' என்று கையெழுத்திட்டு, பள்ளிப் பாடப்புத்தகங்களின் தோரணையை உரித்துவைத்தார்.

நான் சொல்ல ஆசைப்படுவது மேரி லீபாரைப் பற்றி. தோட்டக்காரர் மகள், பெரிய வீடுகளில் சமையற்கட்டு வேலை பார்த்தவர். 1746இல் 24 வயதில் தட்டம்மையில் இறந்துபோனார். கவிதைகள் அவர் போன பிறகே புத்தகமாயின. அந்தக் காலத்தில் பிரபுக்களின் மாளிகையைப் புகழ்ந்து கவிதை பாடுவது ஒரு வழக்கம். வாசல், கூடம், ஓவியம், தோட்டம் என்று போகும். லீபாரும் ஒரு மாளிகையைப் பாடுகிறார், அடுப்பங்கரையிலிருந்து. எலிப்பொந்து தெரிகிறது, மாட்டிறைச்சியும் கோசும் மூக்குமுட்டத் தின்றுவிட்டு மேசையிலேயே குறட்டை விடும் ரோஜர் தெரிகிறான், அவனுக்காக ஏங்கி, பன்றிக்கும் கோழிக்கும் தீனி போடக்கூட மறந்து அழும் வேலைக்காரி தெரிகிறாள். யாரையும் அவர் வெறுக்கவில்லை. அந்த மாளிகை யார் கையால் நடக்கிறது என்று விளக்கைத் திருப்பிக் காட்டினார், அவ்வளவுதான். வீட்டு வேலைக்குப் போய்க்கொண்டே மாலைக் கல்லூரியில் படித்த என் மாணவி ஒருத்தி இந்தக் கவிதையை மனப்பாடமாகச் சொல்வாள்.

அலெக்சாண்டர் போப்பை விட்டுவிட்டீர்களே?
– வாசகர், சிதம்பரம்

ஒரு பெண்ணின் கூந்தல் சுருள் ஒன்றை ஒரு பிரபு வெட்டியதற்கு இரண்டு குடும்பம் சண்டை போட்டதை, போர்க்காவியம் போலப் பாடினாரே, 1714இல் 5 காண்டமாக விரிந்த அந்தக் கவிதைக்கு நான் அடிமை. மூடர்களைப் பற்றிய 'டன்சியாட்' (1728) எனக்கு ஆகாது. செய்யுள் வைரம்தான். ஆனால் கூலிக்கு எழுதிப் பிழைத்தவர்களின் பசியையும் கந்தல் சட்டையையும் அதில் இழுத்து வைத்துச் சிரிக்கிறார். ஒருவர் எழுத்து மோசம் என்றால் எழுத்தை அடிக்கட்டும், அவர் சோற்றுப்பானையை ஏன் எட்டிப் பார்க்க வேண்டும்? இதற்காகச் சிதம்பரம் பேராசிரியர்கள் என்னிடம் சண்டைக்கு வரலாம், வரவேற்கிறேன்.

எனக்கு 58 வயது. ஆங்கிலம் ஓரளவு தெரியும். எதிலிருந்து தொடங்கலாம்?
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

புதுமைப்பித்தன் பிறந்த ஊர்க்காரர் நீங்கள். முதலில் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' இன்னொரு தடவை படித்துக் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். பிறகு 'ஒரு பணிவான யோசனை'. சில பக்கங்கள்தான், ஒரு மாலையில் முடியும். பெரிய அகராதி வேண்டாம். வாய்விட்டு, நிதானமாக, பட்ஜெட் வாசிக்கும் அதிகாரியின் குரலில் படியுங்கள். பக்கத்தில் ஒரு தாளும் பேனாவும் இருக்கட்டும். அவர் சொல்லும் ஒவ்வொரு எண்ணையும் பற்று, வரவு என்று இரண்டு பத்தியாக, உங்களால் முடிந்த அளவு சுத்தமான கையெழுத்தில் எழுதிக்கொண்டே வாருங்கள். 8 ஷில்லிங் லாபம் என்ற இடம் வந்ததும் பேனாவை வைத்துவிட்டு, அந்தத் தாளை மேலிருந்து ஒருமுறை பாருங்கள். பார்த்த பிறகு எனக்கு ஒரு கடிதம் போடுங்கள்.